குழிக்கு மேலே ஒரு கொல்லை

சாத்தங்குப்பத்துப் பாவாடைசாமியின் புன்செய்க் கொல்லையைச் சுரங்கம் வெட்டி எடுத்துக்கொண்டு போன பிறகு வந்த ஆடி மாதத்தில், முதல் மழை பெய்து மண்வாசனை அடங்குவதற்குள், அவர் வழக்கம்போல ஏரைத் தோளில் போட்டுக்கொண்டு, இரண்டு மாடுகளையும் முன்னால் விட்டு ஓட்டிக்கொண்டு, சுரங்கத்தார் மாற்றிடமாகக் கொடுத்த புது மனைத் தெருவைத் தாண்டி, முள்வேலியின் இடைவெளியில் நுழைந்து, குழியின் விளிம்பு வரைக்கும் போய், அங்கே நிற்காமல் அப்படியே நடந்து, கொல்லை முன்பு எந்த மட்டத்தில் இருந்ததோ அதே மட்டத்தில் காற்றில் மாட்டைப் பூட்டி உழ ஆரம்பித்தார்.

மூத்த மகள் கொளஞ்சி அப்போது விளிம்போரம் சுள்ளி பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒன்பது வயது. மாடுகள் போவதைப் பார்த்தாள், அப்பா போவதைப் பார்த்தாள், கலப்பை ஒன்றுமில்லாத இடத்தில் இறங்கி உழவுசால் பிடிப்பதைப் பார்த்தாள். அப்பா கொல்லைக்குப் போய்விட்டார் என்று மட்டும் அவளுக்குத் தோன்றியது. அப்புறம், மத்தியானத்துக்குக் கஞ்சி யாரும் எடுத்து வைக்கவில்லையே என்று நினைவு வந்து, சுள்ளியைப் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினாள்.

அந்தக் குழியின் எதிர்க்கரை எப்போதும் நீலமாகத்தான் தெரியும், அவ்வளவு தூரம். படி படியாக இறங்கிப் போய் அடியில் நிலக்கரி கிடந்தது. மேல்படியில் தேரைவிடப் பெரிய சக்கரம் ஒன்று, சுற்றிலும் பல் வைத்த வாளிகளைக் கட்டிக்கொண்டு, ராத்திரி பகல் பார்க்காமல் மண்ணைத் தின்றுகொண்டே இருக்கும். ஊரில் அதைப் பெரிய மிஷின் என்பார்கள். கொளஞ்சியின் வயதுப் பிள்ளைகள் அந்தச் சத்தத்திலேயே தூங்கிப் பழகியவர்கள், மிஷின் பழுதாகி நின்றால் திடுக்கிட்டு எழுந்து அழுவார்கள். காயப்போட்ட துணி கறுக்கும், சோற்றில் கறுப்பு மினுங்கும், காறித் துப்பினால் எச்சிலும் கறுப்பாக விழும். கிணறுகளெல்லாம் வற்றி, பிள்ளைகள் கல் போட்டுச் சத்தம் கேட்கிற ஓட்டைகளாகிவிட்டன. சைரன் ஊதினால் பெண்கள் உலை வைத்தார்கள், மறுபடி ஊதினால் வடித்தார்கள். யாரும் இதையெல்லாம் ஒரு குறையாகச் சொல்லிக் கொளஞ்சி கேட்டதில்லை.

பாவாடைசாமி காற்றில் உழுகிற சேதி டீக்கடைக்கு வந்து சேர்ந்தபோதுகூட, முதலில் எழுந்த கேள்வி அவர் எப்படி நிற்கிறார் என்பது இல்லை.

"வெதைக்கு எங்க போனான் அவன்?" என்று கேட்டார் சிங்காரம். பக்கத்துக் கொல்லைக்காரர், கொளஞ்சிக்குச் சித்தப்பா முறை. அவருடைய கொல்லையும் அதே வாரத்தில்தான் மிஷின் வாய்க்குள் போயிருந்தது.

"போன வருசத்து மல்லாட்ட கொஞ்சம் பானையில போட்டு வச்சிருந்துருப்பான்" என்றார் டீக்கடைக்காரர். அந்தப் பக்கத்தில் நிலக்கடலையை அப்படித்தான் சொல்வார்கள்.

"இன்னொரு மழ பெய்யட்டும்னு பாத்துருக்கலாம். அவசரப்பட்டுட்டான்" என்றார் சிங்காரம்.

அதற்கு எல்லோரும் தலையாட்டினார்கள்.

அன்று மத்தியானம் கொளஞ்சி கஞ்சித் தூக்கோடு விளிம்பில் போய் நின்றாள். அப்பா தூரத்தில் மாட்டைத் திருப்பிக்கொண்டிருந்தார். அவருக்குக் கீழே மிஷின் சுற்றியது, லாரிகள் தீப்பெட்டி மாதிரி போயின. அவர் திரும்பிப் பார்த்துக் கையை நீட்டி, "வரப்பு மேலயே வா பாப்பா, உழுததுல மிதிக்காத" என்று சத்தம் போட்டார். கொளஞ்சிக்கு வரப்பு தெரியும். வேலியிலிருந்து கொஞ்சம் வடக்கே தள்ளி ஆரம்பித்து, ஒரு பனங்கன்றைச் சுற்றி வளைந்து, நேராகப் போகும். அப்படியே நடந்தாள். காலுக்குக் கீழே ஈரம் இருந்தது, ஒரு இடத்தில் நெருஞ்சி குத்தியது. நின்று பிடுங்கிப் போட்டுவிட்டு மறுபடி நடந்தாள். முள் சுற்றிச் சுற்றிக் கீழே போய்க் காணாமல் போனது.

அவர் உட்கார்ந்து கஞ்சி குடித்தார். கொல்லை போன நாளிலிருந்து அவர் வீட்டில் அவ்வளவாக வாய் திறக்கவில்லை, சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தே இருந்தார். அம்மாவிடம் கடைசியாகப் பேசினது கொல்லை போவதற்கும் முன்பு. அம்மா அஞ்சலாட்சி, அடுப்பு எரிய வேண்டுமே என்று, சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலைக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்து நின்றபோது, "அந்தக் குழியில போயி நிக்கறவ எங்கிட்டப் பேச வேணாம்" என்றார். அம்மாவும், "சரி" என்றாள். அதற்குப் பிறகு இருவரும் பேசிக்கொள்ளவில்லை. உப்பு வேண்டுமென்றாலும் கொளஞ்சி வழியாகத்தான் கேட்டார்கள்.

அம்மாவுக்கு மேல்படியில்தான் வேலை. மிஷின் வெட்டுகிற மண் பெல்ட்டில் ஏறி ஓடும்போது பக்கத்தில் சிந்துகிறதை மண்வெட்டியால் வாரி மறுபடி பெல்ட்டில் போட வேண்டும். தங்கள் கொல்லை மண்ணையும் அவள் அப்படித்தான் வாரிப் போட்டிருந்தாள். செம்மண்ணில் கிடந்த சரளையையும், போன போகத்தில் விட்டுப்போன மல்லாட்டைத் தோலையும் பார்த்து அது எது என்று அவளுக்குத் தெரிந்திருக்கும்.

உழவு ஆரம்பித்த அன்றைக்கு அவளோடு வேலை செய்தவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். உச்சியில் இரண்டு மாட்டு வயிறுகளும் ஒரு மனிதனின் இரண்டு உள்ளங்கால்களும் போய்வந்துகொண்டிருந்தன.

"அஞ்சலாட்சி, ஒன் வூட்டுக்காரரு மாதிரி இருக்குதே" என்றாள் ஒருத்தி.

அவள் பார்த்தாள். குதிகால் வெடிப்பைப் பார்த்தாள். "ஆமா, அவருதான்" என்றாள். "மாட்டுக்குத் தண்ணி காட்டினாரா என்னான்னு தெரியல." பிறகு குனிந்து வாரினாள், பெல்ட் நிற்கவில்லை.

சுரங்கத்திலிருந்து ஒரு அதிகாரி ஜீப்பில் வந்தார். பாதுகாப்புக்குப் பொறுப்பானவர், தெற்கத்திக்காரர், மரியாதை தெரிந்த மனிதர். விளிம்பில் நின்று குழாய் ஒலிபெருக்கியில், "ஐயா, அங்கெல்லாம் நிக்கக்கூடாது, இறங்கி வந்துருங்க" என்றார். பாவாடைசாமி பிடித்த உழவுசாலை முடித்துவிட்டு வந்து, "எறங்குனா கீழதான் போவணும் சார்" என்றார். அதிகாரி குழியை எட்டிப் பார்த்துவிட்டு ஜீப்பில் ஏறினார். மறுநாள் மஞ்சள் ஹெல்மெட் ஒன்று கொடுத்தனுப்பினார். மூன்றாம் நாள், சாணி மிஷின் மேல் விழுகிறதாகக் கீழே புகார் வந்ததால், மிஷின் ஓட்டுகிற அறைக்கு மேலே ஒரு வலை கட்டச் சொன்னார். அதற்குப் பிறகு அவர் வரவில்லை. ஹெல்மெட்டில் பாவாடைசாமி விதை எடுத்துப் போட்டார்.

சிங்காரமும் ஒருநாள் முயன்று பார்த்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தன் கொல்லை இருந்த பக்கமாக விளிம்பிலிருந்து ஒரு காலை எடுத்து வைத்தார். கால் சேற்றில் இறங்குகிற மாதிரி முழங்கால் வரைக்கும் இறங்கியது. இன்னும் கொஞ்சம் அழுத்தியிருந்தால் ஆளே போயிருப்பார். இரண்டு பேர் கக்கத்தில் கை கொடுத்து இழுத்துப் போட்டார்கள். மூச்சு வாங்க உட்கார்ந்து, "எங்கொல்ல எப்பவுமே கொஞ்சம் நெகிழ்ச்சிதான்" என்றார். அடுத்த மாதமே சுரங்கத்தில் வாட்ச்மேன் வேலை கேட்டு வாங்கிக்கொண்டார். வேறு சிலரும் காலை வைத்துப் பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டார்கள். யாருக்குத் தாங்கும், யாருக்குத் தாங்காது என்று தெரிந்துகொள்ள யாருக்கும் அவ்வளவு ஆர்வம் இருக்கவில்லை.

பயிர் முளைத்தது, பூ விட்டது, பூ மண்ணுக்குள் இறங்கியது. மேலிருந்து பார்த்தால் எல்லாக் கொல்லையையும் போலப் பச்சையாக இருந்தது. கீழிருந்து பார்த்தவர்களுக்கு வானத்தில் பாதி மறைந்து, வெள்ளை வேர்களும், வேர்களோடு கொத்துக் கொத்தாகப் பிஞ்சுகளும் தலைக்கு மேல் தொங்கின. மழை பெய்தால் தண்ணீர் கொல்லையிலேயே நின்றது. அதனால் குழிக்குள் அந்த ஒரு இடம் மட்டும் காய்ந்து கிடந்தது, அஞ்சலாட்சியும் மற்றவர்களும் மழைக்கு அங்கே ஒதுங்கி நின்று சோறு தின்றார்கள். பெரிய மிஷினை ஓட்டுகிற ராயப்பன் சில நாள் சாப்பாட்டு நேரத்தில் அதன் நீண்ட கையை உயரத் தூக்கி, அதன் மேலேயே ஏறிப் போய், தொங்குகிற பிஞ்சைப் பறித்துக்கொண்டு வந்து எல்லோருக்கும் கொடுப்பார். அஞ்சலாட்சி வாங்கி உடைத்துப் பார்த்து, "இன்னும் பால் வத்தல" என்று சொல்லிவிட்டுத் தின்பாள்.

பின்னாளில் கொளஞ்சி திருப்பூருக்குத் தையல் வேலைக்குப் போய், தங்கியிருந்த அறையில் மற்றப் பெண்கள் அவரவர் ஊர்க்கதை சொல்லும்போது, இதையும் சொல்வாள். எங்கள் ஊரில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவோம் என்று சொல்கிற அதே குரலில்தான் சொல்வாள். அவர்கள் கேட்டதும் வாயைப் பிளந்தால், எதற்கு என்று அவளுக்குப் புரியாது.

தேவகி விஷயத்தை மட்டும் அவள் சொல்வதில்லை.

தேவகி தங்கை, வேலி போட்ட வருசம் புது மனைத் தெருவில் பிறந்தவள். கொல்லை போகும் வரைக்கும் அப்பா வேலிச் சந்தில் நுழைந்து உழுதாலும், இவளை அங்கே யாரும் தூக்கிப் போனதில்லை. மல்லாட்டை பிடுங்கக் கொஞ்ச நாள் இருக்கும்போது அவளுக்கு நாலாவது வயது நடந்தது. அம்மா வேலைக்குப் போனால் அவளைப் பார்த்துக்கொள்வது கொளஞ்சி. கஞ்சி எடுத்துப் போகும்போது இடுப்பில் தூக்கிக்கொள்வாள், வரப்பில் நடக்கும்போதும் கஞ்சி குடித்து முடிகிற வரைக்கும் இடுப்பைவிட்டு இறக்க மாட்டாள். யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை, அவளாகவே செய்தாள்.

அன்றைக்குப் பாவாடைசாமி நல்ல மனதோடு இருந்தார். ஒரு செடியைப் பிடுங்கி உதறிப் பார்த்தார், காய் திரண்டிருந்தது. தேவகிக்கு இரண்டு காயை உடைத்துக் கொடுத்தார். பிறகு கையை நீட்டினார்.

"கீழ வுடு பாப்பா அவள. நம்ம மண்ண மிதிக்கட்டும்."

"வேணாம்பா" என்றாள் கொளஞ்சி.

"ஏன்?"

"கொல்ல கீழ இருந்தப்ப அவ பாத்ததே இல்லப்பா."

"அதான் சொல்றன். பாக்கட்டும். நாளைக்கி ஒனக்கும் அவளுக்குந்தான இது?"

அவர் கொளஞ்சியின் இடுப்பிலிருந்து சின்னவளை வாங்கினார். ஒரு முறை மேலே தூக்கிப் போட்டுப் பிடித்தார், அவள் சிரித்தாள். செடிகளுக்கு நடுவே இடம் பார்த்து, பிள்ளைகளை நடை பழக்க நிறுத்துவதுபோல, மெதுவாக இறக்கி வைத்தார்.

சத்தமே இல்லை. தண்ணீரில் விட்ட கல் மாதிரி அவள் போனாள். கால், இடுப்பு, தோள் போய், கை மட்டும் மேலே இருந்த நொடியில் அவர் பாய்ந்து மணிக்கட்டைப் பிடித்தார். அவள் கை கீழே போக, அவர் கையும் கூடவே போனது. அவளுக்குக் காற்றாக இருந்தது அவருக்கு மண்ணாக இருந்தது. தோள்பட்டை வரைக்கும் கை மண்ணுக்குள் புதைந்து, கன்னம் தரையில் அழுந்த, அவர் குப்புறக் கிடந்தார். இழுத்தார். மண் கையைக் கவ்விப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

"புடிச்சிருக்கன்" என்றார். வாய்க்குள் மண் போயிருந்தது. "புடிச்சிருக்கன், புடிச்சிருக்கன்."

கொளஞ்சி மேற்கு வரப்புக்கு ஓடினாள். கொல்லை அதோடு முடிகிறது, அதற்கு அப்பால் வெறும் குழி. வரப்பில் படுத்து, தலையைத் தொங்கவிட்டுக் கொல்லையின் அடிப்பக்கத்தைப் பார்த்தாள். அவள் அதைப் பார்த்தது அந்த ஒரு தடவைதான். வெள்ளை வெள்ளையாக வேர்கள், காய்கள், ஈரம் சொட்டும் மண். அதற்கு நடுவில் அப்பாவின் கை முழங்கையிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதன் நுனியில் தேவகி தொங்கினாள். அவள் அழவில்லை. இன்னொரு கையால் பக்கத்தில் ஒரு காயைப் பறிக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கீழே பெல்ட் ஓடியது. அம்மா குனிந்து வாரிக்கொண்டிருந்தாள்.

"யம்மா" என்று கத்தினாள் கொளஞ்சி. மிஷின் சத்தத்தில் அது எங்கே போய்ச் சேரும். ஆனால் தேவகியின் பாவாடையில் ஒட்டியிருந்த மண் உதிர்ந்து முதுகில் விழுந்திருக்க வேண்டும், அஞ்சலாட்சி நிமிர்ந்தாள். பார்த்தாள். அவள் அலறவில்லை. மண்வெட்டியைப் பெல்ட் ஓரத்துக் கம்பியில் சாய்த்து வைத்துவிட்டு, நேராக மிஷினிடம் ஓடி, ராயப்பனைப் பார்த்து மேலே கை காட்டினாள்.

சக்கரம் நின்றது. சத்தம் அடங்கி, ஊரில் தூங்கிக்கொண்டிருந்த கைக்குழந்தைகளெல்லாம் ஒரே நேரத்தில் அழ ஆரம்பித்தன. அஞ்சலாட்சி மிஷினின் கைமேல் ஏறினாள், ராயப்பன் அதை உயர்த்தினார். வாளிகளிலிருந்து மண் உதிர உதிர, சேலையை வரிந்து கட்டிக்கொண்டு, சக்கரத்துக்கு மேலே இருந்த கம்பியைப் பிடித்தபடி அவள் மேலே வந்தாள். வேர்கள் அவள் முகத்தில் பட்டன. பிள்ளையின் காலைப் பிடித்தாள், இடுப்பைப் பிடித்தாள், தோளோடு அணைத்துக்கொண்டாள். அந்தக் கை விடவில்லை.

"வுடுங்க" என்றாள்.

அவருக்கு எப்படிக் கேட்கும், காது மண்ணுக்கு மறுபக்கம் இருந்தது. அவள் தன் கையை எடுத்து அவர் கைமேல் வைத்தாள். அவர் விரல்கள் ஒரு கணம் இன்னும் இறுகின.

"நாந்தான். புடிச்சிக்கிட்டன். வுடுங்க."

மேலே கன்னத்தைத் தரையில் வைத்துக்கொண்டு கிடந்தவர் கண்ணை மூடினார். கீழே விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. அம்மா உடனே இறங்கிவிடவில்லை. பிள்ளையை ஒரு கையிலும் அவர் கையை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். பிறகு ராயப்பனுக்குச் சைகை செய்தாள்.

அப்பாவின் கையைக் கொளஞ்சி களைக்கொட்டால் சுற்றிலும் கொத்தி எடுத்தாள். வெளியே வந்த கை வெளுத்துப் போய், கிள்ளினாலும் தெரியாமல் சில நாள் கிடந்து பிறகு சரியானது. சாயந்திரம் ஷிப்ட் முடிந்து அம்மா தேவகியோடு வந்தாள், குளித்தாள், உலை வைத்தாள். தேவகியின் மணிக்கட்டில் ஐந்து விரலும் சிவப்பாகப் பதிந்திருந்தன, அதில் தேங்காயெண்ணெய் தடவிவிட்டாள். நால்வரும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். "உப்பு போதுமா?" என்று அவள் நேராக அவரைக் கேட்டாள். "போதும்" என்றார். கொளஞ்சிக்கு அழ வேண்டும் என்று தோன்றியது, எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாததால் பாத்திரம் கழுவப் போனாள்.

மல்லாட்டை பிடுங்கி முடிந்தது. நல்ல விளைச்சல். அடுத்த ஆடிக்கு முன்னாலேயே பெரிய மிஷின் கிழக்கே நகர்ந்து போய்விட்டது. கரி எடுத்து முடித்த பக்கத்தில், வேறெங்கோ வெட்டின மண்ணைப் பெல்ட்டில் கொண்டுவந்து கொட்டிக் குழியை நிரப்ப ஆரம்பித்தார்கள். மேடு வளர்ந்துகொண்டே வந்தது. பாவாடைசாமி மேலே உட்கார்ந்து அது வருவதைப் பார்த்தார். விதை வைத்திருந்தும் அந்த முறை விதைக்கவில்லை. ஒருநாள் காலையில் மேடு கொல்லையின் அடியைத் தொட்டது, மத்தியானத்துக்குள் குழியும் கொல்லையும் கரையும் ஒரே மட்டமாகிவிட்டன.

அவர் எழுந்து ஓரடி வைத்தார். கால் மடங்கி விழுந்தார்.

எழுந்து மறுபடி வைத்தார், மறுபடி தடுமாறினார். சிங்காரம் வாட்ச்மேன் உடுப்போடு வந்து கை கொடுத்தார். கஞ்சித் தூக்கோடு வந்த கொளஞ்சியும், எங்கே நிற்பது என்று தெரியாமல் வேலியோரமே நின்றுவிட்டாள். வரப்பு எங்கே ஆரம்பிக்கிறது என்று எவ்வளவு தேடியும் அவளுக்குக் கிடைக்கவில்லை.

"இது யாரு மண்ணு?" என்று கேட்டார் அப்பா. ஒரு பிடி எடுத்து மோந்து பார்த்தார்.

"எல்லா ஊரு மண்ணுந்தான், கலந்து கெடக்குது" என்றார் சிங்காரம். "ஒன்னுதும் இருக்கும், எங்கயாவது. தைலமரம் நடப் போறாங்களாம்."

பாவாடைசாமி அந்தப் பிடி மண்ணைக் கீழே போட்டார். கையைத் தட்டிக்கொண்டார். மாடுகளை அவிழ்த்து ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். வழி நெடுக, குடித்தவர் மாதிரி, கால் வைக்கும் முன்பு ஒவ்வொரு தடவையும் தரையைப் பார்த்து வைத்தார். கார்த்திகைக்குள் மாடுகள் விற்றுப் போயின. தை பிறந்ததும் அஞ்சலாட்சி கான்ட்ராக்டரிடம் பேசினாள்.

"என்னா வேல தெரியும்னு கேட்டாரு. எதுவா இருந்தாலும் செய்வாருனு சொல்லிட்டன்" என்றாள் வந்து.

"ம்" என்றார் அவர்.

முதல் நாள் விடியற்காலம் ஷிப்ட் லாரி தெருமுனைக்கு வந்து நின்றது. கொளஞ்சி தேவகியைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றாள். அம்மா இரண்டு பேருக்கும் சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு முதலில் ஏறினாள். ஏறியதும் திரும்பிக் குனிந்து அவருக்குக் கை கொடுத்தாள். பெரிய பூட்ஸ் போட்ட காலை அவர் எங்கே வைப்பது என்று தடவித் தடவி வைத்து, ஒருவழியாக ஏறினார். உள்ளே இருந்தவர்கள் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். யாரோ ஏதோ சொல்லிச் சிரித்தார்கள், டிரைவர் இறங்கிப் போய் டீ குடித்துக்கொண்டிருந்தான்.

அப்பா லாரியின் பக்கக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டார். அம்மா அவர் முழங்கையைப் பற்றியிருந்தாள்.

லாரி இன்னும் கிளம்பவில்லை.